88 கட்டைகள் யாருக்குச் சொந்தம்?

பியானோ என்றதும் நம் தோழர்களின் கண்முன் என்ன தோன்றுகிறது? வளைந்து இறங்கும் மாடிப்படி, பளபளக்கும் தரை, கோட்டு அணிந்த கதாநாயகன், தூணருகே கண்ணீர் மல்க நிற்கும் கதாநாயகி! வெள்ளித்திரை நமக்குக் காட்டிய பியானோ அதுதான். "சீமான் வீட்டுச் சாமான், நமக்கு ஏன் அந்த வம்பு?" என்று எட்ட நின்றே பார்த்துப் பழகிவிட்டோம்.

எட்ட நிற்பானேன்? மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 20 டன். நாமக்கல் லாரிக்காரருக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும். அவ்வளவு இழுப்பையும் தாங்கி நிற்பது ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். முன்னால் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னஞ்சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும், இசை பிறக்கும். 1700-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி என்ற கருவித் தொழிலாளி கண்ட கருவி இது. இரும்பை வார்த்தவன், மரத்தை இழைத்தவன், கம்பி இழுத்தவன் எல்லாம் யார்? தொழிலாளி! கருவியைச் செய்த கை அவன் கை. அதை வாசிக்கும் கல்வி மட்டும் அவன் வீட்டு வாசலுக்கு வரவில்லையே, ஏன்?

"அதற்குப் பரம்பரை ஞானம் வேண்டும், ஐயா! இரத்தத்திலே ஊறியிருக்க வேண்டும்!" என்று பதில் சொல்லுவோர் உண்டு. அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சென்னை மயிலாப்பூரில், சாய் லாட்ஜ் என்ற விடுதியில், ஒரு ஆசிரியர் பாடம் நடத்திய அறையை நினைவூட்டினால் போதும்.

தன்ராஜ் மாஸ்டர் என்பது அவர் பெயர். மேல்நாட்டுச் செவ்விசையைக் கற்றுத் தேர்ந்தவர். அதைப் பிறருக்குக் கற்றுக் கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். அவர் பெயரைச் சொன்னால் 'யார் அவர்?' என்று பலர் கேட்கக்கூடும். அவருடைய மாணவர் பெயரைச் சொன்னால் அப்படிக் கேட்க ஒருவரும் இரார்.

1968-இல் அந்த ஆசிரியரிடம் ஓர் இளைஞர் பாடம் கேட்கச் சேர்ந்தார். ஊர், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பண்ணைப்புரம். ஊரார் அழைத்த பெயர் ராசையா. அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடியவர். அந்தக் குழுவிலே 14 வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர் தம்பி. பட்டம் இல்லை, பணம் இல்லை, பரிந்துரைக்கப் பெரிய இடத்து உறவும் இல்லை. கையிலே ஆர்மோனியப் பழக்கம், நெஞ்சிலே இசைப்பசி!

'உன் குலம் என்ன, கோத்திரம் என்ன?' என்ற கேள்வியா அங்கே அவருக்குக் கிடைத்தது? பாடம் கிடைத்தது. தாளில் எழுதப்பட்ட சுரக்குறிகளைக் கண்ணால் படிப்பது, பத்து விரலையும் தனித்தனியே பழக்குவது, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகளை ஒன்றோடொன்று மோதாமல் நடத்திச் செல்வது என்று பாடம் வளர்ந்தது. இது ஏதோ மாயவித்தை என்று மலைக்க வேண்டாம். சேலத்துக் கைத்தறி நெசவாளியைப் பாருங்கள். கால் மிதிக்கிறது, ஒரு கை நாடாவை ஓட்டுகிறது, மறு கை பலகையை அடிக்கிறது, கண் இழையை விட்டு அகலுவதில்லை. நான்கு வேலை, ஒரே துணி! பியானோக்காரனின் இடக்கையும் வலக்கையும் பழகும் பழக்கமும் அந்த வகைதான். பழக்கத்தால் வருவது, பிறப்பால் வருவதன்று.

ராசையா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவரும் அந்த ஆசிரியர்தாம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது 'இளையராஜா' என்று நாடே அழைத்தது. இலண்டன் டிரினிடி இசைக்கல்லூரியின் கிதார் தேர்விலே தங்கப்பதக்கம் பெற்றவர் அவர். 2025 மார்ச் 8-இல் அதே இலண்டன் மாநகரில் தாம் எழுதிய சிம்பொனியை அரங்கேற்றினார். ஒன்பது வயதில் தந்தையை இழந்த ஏ. ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவரே. 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளை வாங்கி வந்தவர்; அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கியவர். ஒரு விளக்கு இன்னொரு விளக்கை ஏற்றியது. அது மேலும் பல விளக்குகளை ஏற்றுகிறது!

கதவு திறந்த கதை இது. கதவு அடைபட்ட கதை ஒன்றும் உண்டு, அதையும் கேளுங்கள்.

அமெரிக்க நாட்டில் வடகரோலினா மாநிலத்துச் சிற்றூரில் 1933-இல் பிறந்தாள் யூனிஸ் வேமன் என்ற கறுப்பினச் சிறுமி. தாய், வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவர். சிறுமியின் விரல் வேகத்தைக் கண்டு மசானோவிச் என்ற ஆசிரியை பியானோ கற்றுக் கொடுத்தார்; ஊரார் நிதி திரட்டினர். சிறுமி முதல் கச்சேரிக்கு அமர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த பெற்றோரை வெள்ளையருக்காகப் பின்னுக்கு எழுப்பிவிட்டனர். 'அவர்கள் முன்னால் அமர்ந்தால்தான் வாசிப்பேன்' என்றாள் அவள். என்னே அந்தப் பிஞ்சு நெஞ்சின் வீரம்!

செவ்விசைப் பியானோ மேடையில் ஏறுவதே அவள் கனவு. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகத்தில் இடம் கேட்டாள். 1951-இல் இடம் மறுக்கப்பட்டது. நிறமே காரணம் என்று இறுதிவரை நம்பினார் அவர். வயிற்றுப்பாட்டுக்குப் பிறருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். 1954-இல் மதுக்கடை ஒன்றில் வாசித்தார். தாய்க்குத் தெரியாதிருக்க நீனா சிமோன் எனப் பெயரை மாற்றிக்கொண்டார். அந்தப் பெயர்தான் பின்னர் கறுப்பின மக்களின் உரிமைப் போர்க்குரலாக முழங்கியது. 2003-இல் அதே கர்ட்டிஸ் அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தது. இரண்டே நாளில் அவர் மறைந்தார்! இடம் வேண்டிய இளமையில் கதவடைப்பு. சாகக் கிடக்கையில் சால்வை! தகுதி, திறமை என்று பேசுவோர் இதற்கு என்ன விடை சொல்லுவர்?

இனி நம் சீமைக்கு வருவோம். சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் அங்கே பாடங்கள். வாழட்டும், வளரட்டும்! அந்த வரிசையிலே பியானோவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறோம். வயலினும் கடல் கடந்து வந்ததுதானே? வந்தது, நம்முடையதாயிற்று! பெரிய பியானோ வாங்கப் பணமில்லை என்றால் மின்சாரக் கீபோர்டு போதும். கருவி சிறிதானால் குற்றமில்லை; சுரக்குறி படிக்கச் சொல்லித் தரும் ஆசிரியர் வேண்டும். நம் திருவிழாக்களில் கச்சேரிக் குழுவோடு கீபோர்டு வாசிக்கும் இளைஞர் பலர் காதால் கேட்டே கற்றவர்கள். அவர்களுக்குத் திறமையா குறைவு? எழுதவும் படிக்கவும் சொல்லிக் கொடுப்பார் இல்லை, அதுதான் குறை.

தறிமேடையிலும் லாரிப் பட்டறையிலும் சவ்வரிசி ஆலையிலும் உழைப்போரின் பிள்ளைகளுக்கும் பத்து விரல்கள் உண்டு. மயிலாப்பூர் அறையில் ஓர் ஆசிரியர் தனியாகச் செய்த வேலையை, அரசும் ஊரும் சேர்ந்து சேலத்தில் செய்யட்டும். 88 கட்டைகளில் எது வெள்ளை, எது கறுப்பு என்று விரல் பேதம் பார்ப்பதில்லை. இரண்டையும் தொட்டால்தான் இசை!