உஷார்! சேர்ந்து நிலம் வாங்கப் போகிறீர்களா?

தை பிறந்தால் போதும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பிடித்து நிலம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். பத்து இருபது குடும்பம் சேர்ந்து பத்து ஏக்கரோ பதினைந்து ஏக்கரோ வாங்குவது, வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறியைத் தாங்களே விளைவிப்பது, பிள்ளைகளை மண்ணோடு வளர்ப்பது. இந்த ஆசையை மனதார வரவேற்கிறவன் நான். அதனால்தான் பதறுகிறேன். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை விற்றுப் போடுகிற பணம் இது. இதில் விழுகிற அடி ஒருவரோடு நிற்காது, அத்தனை குடும்பத்தையும் சேர்த்துச் சாய்க்கும்.

தையில் பார்த்த நிலத்துக்குத் தையிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எந்தப் பொட்டல் காடும் பச்சையாகத்தான் இருக்கும். தரகர் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார். குழாயில் தண்ணீர் கொப்பளித்து விழும், பிள்ளைகள் தொட்டிக்குள் குதிப்பார்கள், பெரியவர்கள் மனசு அங்கேயே விழுந்துவிடும். அது கிணற்றில் தேங்கி நின்ற தண்ணீர். ஊற்று எவ்வளவு என்று அது சொல்லாது. காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மறுநாள் விடிந்ததும் போய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். சித்திரை, வைகாசியில் இன்னொரு முறை போய், பக்கத்துக் காட்டுக்காரரிடம் தனியாக விசாரியுங்கள்.

"தண்ணி பத்தலைன்னா போர் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. கோவை வட்டாரத்தில் 1000 அடி தாண்டியும் வெறும் புழுதி பறந்த போர்கள் உண்டு. நிலம் இருக்கும் குறுவட்டம் 'நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்டது' என்ற பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இலவச விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். புதிதாக விண்ணப்பித்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

தண்ணீர் இருந்தாலும் அது என்ன தண்ணீர்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன மக்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. கீழ்ப்பக்கத்து விவசாயி தன் வயலில் ஒரு சொட்டுச் சாயம்கூட ஊற்றியவர் இல்லை. ஆகவே வேலிக்கு உள்ளே இயற்கை விவசாயம் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மேட்டுப்பக்கம் என்ன ஆலை, என்ன பண்ணை, என்ன குவாரி இருக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். தண்ணீரையும் மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு கையில் வந்தபிறகு விலை பேசுங்கள்.

அடுத்தது பத்திரம். கிரயப் பத்திரத்தின் கடைசியில் வருகிற சொத்து விவரத்தைத் தயவுசெய்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'கிணற்றில் நாலில் ஒரு பாகம்', 'மாமூல் வண்டித்தடத்தில் நடக்கவும் வண்டி ஓட்டவும் பாத்தியம்' என்ற வரிகளில்தான் உங்கள் எதிர்காலம் இருக்கிறது. நாலில் ஒரு பாகம் என்றால் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் உங்களுக்குத் தண்ணீர் முறை வரும். இருபது குடும்பத்துக்கு அது காணாது. தடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், இன்று உங்கள் காரை விட்ட பக்கத்து நிலத்துக்காரர் நாளை முள்ளை வெட்டிப் போட்டு மறித்துவிடலாம். புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்துக் கல் பார்த்து, தடம் காகிதத்திலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஓடை குறித்திருந்தால் அது இப்போது எங்கே என்று கேளுங்கள். உழுது சமன் செய்த ஓடை, பெருமழையில் பழைய வழியைத் தேடி வரும்.

பட்டாவில் விற்பவரின் பெயர் இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யுடிஆர் என்பார்களே, அதில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் ஏராளம். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக வாருங்கள். பூர்வீகச் சொத்தென்றால் அக்கா தங்கைகளின் கையெழுத்து இருக்கிறதா? மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது.

ஊரின் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். நீங்கள் பார்த்த நிலம் பஞ்சமி நிலமாக இருக்கலாம். 1892ல் தொடங்கி, பட்டியலின மக்களுக்காக ஒதுக்கப்பட்டவை அவை. பிறர் வாங்கினால் செல்லாது, அரசு நஷ்டஈடு இல்லாமல் மீட்கலாம். சட்டம் கிடக்கட்டும், ஏழைகளிடமிருந்து கைமாறிய நிலத்தில் உட்கார்ந்து தற்சார்பு பேச யாருக்கும் உரிமை இல்லை. கோயில் நிலம், பூமிதான நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் எல்லாமே குறைந்த விலைக்குக் காட்டப்படுபவை. ஏக்கர் இவ்வளவு மலிவா என்று தோன்றினால் சந்தோஷப்படாமல் பயப்படுங்கள். மலையடிவாரம் என்றால் இன்னும் கவனம். நீலகிரி சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளின் கதி என்ன ஆயிற்று? 2020ல் உச்ச நீதிமன்றம் யானையின் பக்கம்தான் நின்றது. சமவெளியிலும் சிப்காட், நான்குவழிச் சாலை, விமான நிலையம் என்று கையகப்படுத்தல் வரலாம். 2022ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வரும்வரை ஏகனாபுரத்துக்காரர்கள் வழக்கம்போல உழுதுகொண்டிருந்தவர்கள்தாம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று: யார் பெயரில் வாங்குகிறீர்கள்? "அண்ணன் பேர்லயே இருக்கட்டும், நமக்குள்ள என்ன" என்று ஒருவர் பெயரில் பதிகிறார்கள். அவருடைய தொழில் நொடித்தால் கடன்காரர் இந்த நிலத்தை ஜப்தி செய்யலாம். அவர் காலமானால் சட்டப்படி அது அவருடைய வாரிசுகளுக்கு. பணம் போட்ட மற்றவர்கள் கோர்ட் படி ஏற வேண்டியதுதான். எல்லார் பெயரிலும் பிரிபடாத பாகமாக வாங்கினால், மனக்கசப்பில் வெளியேறும் ஒருவர் தன் பாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். டிரஸ்ட் பெயரில் வாங்கினால் நிலம் டிரஸ்டுக்கு. போட்ட பணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லை. டிரஸ்டுக்கும் கம்பெனிக்கும் நில உச்சவரம்புச் சட்டமும் உண்டு. ஆளுக்கு அரை ஏக்கராகப் பிரித்து வீடு கட்டலாம் என்றால், அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016ல் உயர் நீதிமன்றம் போட்ட தடையையும் அதன்பின் வந்த விதிகளையும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எந்த வழியாக இருந்தாலும், விலகுகிறவருக்கு என்ன விலை, எத்தனை மாதத்தில், இறந்தவரின் பங்கு யாருக்கு, வெளியாளுக்கு விற்குமுன் உள்ளே இருப்பவர்களிடம் கேட்க வேண்டுமா என்பதையெல்லாம் நிலம் வாங்கும் முன் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதத் தயங்குகிறவர்களோடு சேர்ந்து வாங்காதீர்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள், ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியது வில்லங்கச் சான்றில் வராது. அதே நிலத்துக்கு இன்னும் இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பதியவில்லை என்றால், அடுத்த தவணையை நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.