செம்மண் ஓடுதளம்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதி மழை குன்றிய வறண்ட நிலமாகும். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை செம்மண்ணும், குட்டையான புதர்களும், ஆங்காங்கே நீலகிரித் தைல மரங்களின் இனத்தைச் சேர்ந்த மரங்களுமே காணப்படும். புல் அடர்ந்து வளராத இந்நிலத்தில் ஒரு மாட்டை வளர்க்கவே மிகுந்த பரப்பு தேவைப்படுகிறது. எனவே, இங்குள்ள மாட்டுப் பண்ணைகள் நாம் எண்ணிப் பார்க்க இயலாத அளவு பெரியவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள அன்னா கிரீக் என்னும் பண்ணையின் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுதி. நம் கோவா மாநிலத்தின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். ஒரே பண்ணைக்குள் நான்கு கோவாக்கள் அடங்கிவிடும்!

இத்தகைய பண்ணையில் வாழ்வோர் மிகச் சிலரே. பக்கத்து வீடு என்பதே பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். மருத்துவமனையும் கடைத்தெருவும் சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். வடபகுதிகளில் மழைக்காலம் வந்துவிட்டால் மண்சாலைகள் வாரக்கணக்கில் துண்டிக்கப்படும். அங்கே வாழும் மக்களை வெளியுலகத்தோடு இணைப்பது எது? பண்ணை வீட்டிற்கு அருகில் சீராக்கப்பட்ட ஒரு நீண்ட மண்பாதைதான். அதுவே பண்ணையின் தனி விமான ஓடுதளம்.

ஓர் உயிர் கற்பித்த பாடம்

ஓடுதளம் இல்லாத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 1917ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவில் மாடு மேய்க்கும் தொழில் செய்த ஜிம்மி டார்சி என்னும் இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து படுகாயமுற்றார். அவரை ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூருக்குக் கொண்டு வந்தனர். அவ்வூரில் மருத்துவர் இல்லை. அஞ்சல் அலுவலர் மட்டுமே இருந்தார். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த் நகரில் இருந்த மருத்துவர் தந்தி வழியாக ஒவ்வொரு படியாகச் சொல்ல, அஞ்சல் அலுவலர் பேனாக்கத்தியைக் கொண்டே அறுவை செய்தார். பின்னர் அம்மருத்துவர் கப்பலிலும் காரிலும் பல நாள் பயணம் செய்து ஹால்ஸ் கிரீக்கை அடைந்தார். ஆனால், அவர் வந்து சேர்வதற்கு முந்தைய நாளே டார்சி இறந்துவிட்டார். தந்திக் கம்பியின் வழியே அறிவுரை வந்து சேர்ந்தது. மருத்துவர் வந்து சேரத்தான் வழியில்லாமற் போயிற்று.

பறக்கும் மருத்துவர்

உட்பகுதி மக்களின் இத்துயரைத் தீர்க்க வழி தேடியவர் ஜான் பிளின் என்னும் கிறித்தவப் போதகர். முதல் உலகப் போரில் பணியாற்றிய கிளிஃபர்டு பீல் என்னும் இளம் மருத்துவ மாணவர், மருத்துவப் பணிக்கு விமானத்தைப் பயன்படுத்தலாம் என்று 1917இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் எண்ணம் நிறைவேறுவதைக் காணாமலே 1918இல் பீல் போரில் உயிர் துறந்தார். பிளின் அக்கடிதத்தை மறக்கவில்லை. பத்தாண்டுகள் முயன்று நிதி திரட்டினார். 1928ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் குளோன்கரி நகரில் வான்வழி மருத்துவப் பணி தொடங்கப்பட்டது. அப்பணியே இன்று 'ராயல் பறக்கும் மருத்துவர் சேவை' என வழங்கப்படுகிறது.

விமானம் வந்தால் மட்டும் போதுமா? அதனை அழைக்கவும் வேண்டும். அது இறங்க இடமும் வேண்டும். அழைப்பதற்கு ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் வழி கண்டார். மின்சாரமற்ற வீடுகளில், மிதிவண்டியை மிதிப்பது போலக் காலால் மிதித்து மின்னாற்றல் உண்டாக்கி இயக்கும் வானொலிக் கருவி 1929 முதல் பண்ணைகளுக்கு வந்தது. இறங்கும் இடத்தைப் பண்ணை மக்களே அமைத்துக் கொண்டனர்.

ஓடுதளத்தைப் பேணுதல்

பண்ணை ஓடுதளம் பெரும்பாலும் மண்ணால் ஆனது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுதியான நீளத்திற்குப் புதர்களை அகற்றி, நிலத்தை இயந்திரத்தால் சமப்படுத்துவர். மழைநீர் தேங்காமல் வழிந்தோட நடுப்பகுதியைச் சற்று உயர்த்துவர். இருபுறமும் விமானியின் கண்ணுக்குப் புலப்படும் வெண்ணிற அடையாளங்களை வைப்பர். காற்று வீசும் திசையைக் காட்ட ஒரு கம்பத்தில் துணிப்பையைக் கட்டுவர்.

அமைத்ததோடு வேலை முடிவதில்லை. கறையான்கள் மீண்டும் புற்றெழுப்பும். மழை பள்ளம் பறிக்கும். மாடுகளும் கங்காருகளும் பாதையின் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே விமானம் இறங்குவதற்கு முன் பண்ணையார் வண்டியில் சென்று விலங்குகளை விரட்டுவார். மழை பெய்திருந்தால், அதே பாதையில் வண்டியை ஓட்டிச் சக்கரம் புதைகிறதா என்று பார்ப்பார். புதைந்தால் விமானம் இறங்க இயலாது என்பதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். நோயுற்றவர் தம் பிள்ளையாகவே இருப்பினும், அவர் உண்மையையே கூற வேண்டும். ஏனெனில், தவறான சொல் விமானத்தில் வருவோரின் உயிரையும் பறித்துவிடும்.

இரவில் அழைப்பு வந்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஓடுதளத்தின் இரு ஓரங்களிலும் வரிசையாக விளக்குகளை வைப்பர். மின்கல விளக்குகள் வருவதற்கு முன் தகரக் குவளைகளில் எண்ணெய் ஊற்றித் திரியேற்றி வைத்தனர். இருளில் வரும் விமானிக்கு அவ்விரு ஒளிக்கோடுகளே வழிகாட்டி.

அன்றாட வாழ்வில் ஓடுதளம்

ஓடுதளம் ஆபத்துக் காலத்திற்கு மட்டும் உரியதன்று. பல பண்ணைகளுக்கு வாரம் ஒருமுறை அஞ்சல் விமானம் கடிதங்களையும் பொருள்களையும் கொண்டு வருகிறது. பண்ணையார் சிறு விமானத்தில் பறந்து, ஆழ்துளைக் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் செம்மையாக உள்ளனவா என்று பார்வையிடுகிறார். கோடையில் ஓர் இறைவை நின்றுபோனால், அதனை நம்பிய மாடுகள் சில நாள்களில் மடிந்துவிடும். வண்டியில் நாள் முழுவதும் அலைந்து காண வேண்டியதை விமானத்தில் ஒரு காலைப் பொழுதில் கண்டுவிடலாம். பரந்து மேயும் மாடுகளை ஒன்று திரட்ட ஹெலிகாப்டர்களும் பயன்படுகின்றன.

பண்ணைச் சிறுவர்களின் கல்விக்கும் இவ்வான்வழி துணை செய்தது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கப்பட்டது. ஆசிரியர் நகரிலிருந்து வானொலியில் பாடம் நடத்தினார்; மாணவர்கள் தத்தம் பண்ணை வீட்டிலிருந்து விடை கூறினர். பயிற்சித் தாள்கள் அஞ்சல் வழியே சென்று திருத்தப்பட்டுத் திரும்பின. இன்று அப்பாடங்கள் இணையம் வழியே நடக்கின்றன.

இணையம் குரலையும் உருவத்தையும் கொண்டு வரும். ஆனால், மருந்தூசி இடும் கையையும் நோயாளியைச் சுமக்கும் படுக்கையையும் அதனால் கொண்டு வர இயலாது. ஆகவேதான் எத்தனை புதுக்கருவிகள் வந்தபோதும், அம்மக்கள் தங்கள் செம்மண் பாதையைப் புல் முளைக்கவிடாமல் காத்து வருகின்றனர். எப்பொழுது தேவைப்படும் என்று அறியாத ஒன்றை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருப்பதே தொலைவில் வாழ்வோர் கற்ற அறிவாகும்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஜிம்மி டார்சிக்கு அறிவுரை கிடைத்தும் உயிர் பிழைக்க இயலாமற் போனது ஏன்?
2. மழைக்குப் பின் பண்ணையார் ஓடுதளத்தை எவ்வாறு சோதிக்கிறார்? அவர் உண்மையைக் கூறவேண்டியதன் தேவை யாது?
3. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் ஆபத்துக் காலத்திற்கென எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருக்கும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.