சித்தியின் டிரங்குப் பெட்டி

“அக்கா! என் லாப்டாப் போச்சு!”

திருச்செங்கோட்டிலிருந்து டெலிபோனில் அழுதவள் என் சித்தி மகள். சேலத்தில் கட்டடக் கலை படிக்கிறாள். வீடும் மாளிகையும் அவளுக்குக் காகிதத்தில் எழும்புவதில்லை; கம்ப்யூட்டர் திரையில்தான் எழும்பும். வருஷ முடிவுப் படங்களைக் கல்லூரியில் ஒப்படைக்க இன்னும் பன்னிரண்டே நாள். அந்தச் சமயம் பார்த்துத் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடு ஓடி, பிறகு ஒரேயடியாக இருண்டுவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. லாப்டாப்பின் விலை 72,000 ரூபாய். சித்தி மாதா மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

“ராத்திரி பகலா அதைப் போட்டு வாட்டினால் கெடாமல் என்ன செய்யும்?” என்று சித்தப்பா உறுமினார். பெண் தலை நிமிரவில்லை. குற்றம் தன்னுடையதுதான் என்று அவளே நம்பிவிட்டாள்!

கெட்டுப்போனது எது என்று முதலில் பார்த்தோம். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. லாப்டாப்பை வீட்டு டெலிவிஷனோடு கம்பி போட்டு இணைக்க வேண்டும். டெலிவிஷனில் படம் தெளிவாக வந்தால் கோளாறு பெரும்பாலும் லாப்டாப் திரையிலோ அதற்குப் போகும் கம்பியிலோ இருக்கும். அங்கேயும் கோடு விழுந்தால் படம் தயாரிக்கிற ‘கிராபிக்ஸ் சிப்’பின் மேல் சந்தேகப்பட வேண்டியதுதான். எங்களுக்கு டெலிவிஷனிலும் அதே பச்சை, அதே ஊதா!

இந்தச் சிப் நகத்தளவுச் சில்லு. தன் அடித்தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்யும்போது எண்பது, தொண்ணூறு டிகிரி வரை கொதிக்கும், நிறுத்தினால் ஆறும். சூட்டில் விரிவதும் ஆறினால் சுருங்குவதுமாக நாள்தோறும் நடக்கிறது. பொட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பசையும் சரியான பதத்தில் இல்லாவிட்டால் ஒருநாள் மயிரிழை விரிசல் விழும். அவ்வளவுதான், படம் போய்விடும்.

“அப்படியானால் அது செய்தவன் குற்றமா, வைத்திருந்தவள் குற்றமா?” என்று சித்தி கேட்டாள்.

நல்ல கேள்வி. உலகமே ஒரு தடவை கேட்ட கேள்வி அது. 2008 ஜூலையில், கிராபிக்ஸ் சிப் செய்வதில் பேர்பெற்ற அமெரிக்கக் கம்பெனியான என்விடியா, லாப்டாப்புக்கென்று தயாரித்த தன் பழைய சிப்புகள் சில வழக்கத்துக்கு மேல் பழுதாவதாக ஒப்புக்கொண்டது. சில்லையும் அடித்தட்டையும் சேர்க்கும் பொருள்கள் வலுவாக இல்லையாம். ஈடு செய்ய 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. (உபயோகிப்பவர்களின் பழக்கமும் ஒரு காரணம் என்று கூடவே ஒரு வார்த்தை சேர்க்கவும் மறக்கவில்லை!) டெல், எச்.பி. முதலிய கம்பெனிகள் வாரண்டிக் காலத்தை நீட்டின. ஆப்பிள் கம்பெனியும் பழுதான மாடல்களுக்கு இலவசமாக ரிப்பேர் செய்து கொடுத்தது. 2011 முதல் 2013 வரை வந்த சில மாடல்களில் மறுபடி இதே மாதிரி படக்கோளாறு வரவே, 2015 பிப்ரவரியில் மீண்டும் இலவச ரிப்பேர் அறிவித்தது. முன்பே சொந்தக் காசு கொடுத்து ரிப்பேர் செய்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. யாருக்கு? பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு!

சித்தப்பாவுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. “கடைவீதியிலே ஒரு பையன் சூட்டுக் காற்றடித்து ஒரு மணி நேரத்திலே சரி பண்ணித் தருகிறானாம். 3,500 ரூபாய்தான்” என்றார்.

சூடு காட்டினால் விரிசல் சில நாள் கூடிக்கொள்ளும் என்பது வாஸ்தவம். ஆனால் அது ஒட்டுப்போட்ட பானை, மறுபடி கசியும். அதைவிட மோசம், வெளியாள் கைவைத்துவிட்டான் என்று வாரண்டியை மறுக்கக் கம்பெனிக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

“வாரண்டி முடிந்திருக்குமே?” என்றார் சித்தப்பா.

சித்தி பதில் பேசாமல் உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நகை ரசீது, வீட்டுப் பத்திரம், பட்டுச் சேலை பில் எல்லாவற்றுக்கும் நடுவே லாப்டாப் பில்லும் வாரண்டிப் புத்தகமும் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரு வருஷ வாரண்டியில் இன்னும் பதினோரு நாள் பாக்கி!

மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். சர்வீஸ் சென்டர் இளைஞர் லாப்டாப்பைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“விசிறியிலே பஞ்சு அடைச்சிருக்குதுங்க. இது உபயோகிச்சவங்க தப்பு. வாரண்டியிலே வராது. சிப்பை மட்டும் மாத்த முடியாது, போர்டையே மாத்தணும். 38,000 ரூபாய் ஆகும்.”

பெண் அழத் தயாரானாள். சித்தி அசையவில்லை.

“ஏனுங்க தம்பி, தெருவெல்லாம் விசைத்தறி ஓடுற திருச்செங்கோட்டிலே பஞ்சு இல்லாத வீடு ஏதுங்க? தண்ணி பட்டால் வராது, கீழே விழுந்தால் வராதுன்னு இந்தப் புஸ்தகத்திலே இருக்குது. பஞ்சுன்னு எந்தப் பக்கத்திலே போட்டிருக்குது, காட்டுங்க.”

இளைஞர் பக்கத்தைப் புரட்டினார். காணோம்.

“சரி, வராதுன்னு காரணத்தோட ஒரு காகிதத்திலே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க பார்த்துக்கிறோம்.”

‘கையெழுத்து’ என்ற வார்த்தைக்கு என்ன மகிமை! இளைஞர் உள்ளே போனார், யாருடனோ பேசினார், கால்மணி கழித்துத் திரும்பினார். “வெச்சுட்டுப் போங்கம்மா. வாரண்டியிலேயே பண்ணித் தர்றோம்.” தேதி போட்ட ரசீதை வாங்கிக்கொண்டுதான் சித்தி படியிறங்கினாள்.

அவர் எழுதிக் கொடுத்திருந்தால்தான் என்ன? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, சாமானை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். திருச்செங்கோட்டுக்காரருக்கு நாமக்கல், சேலத்துக்காரருக்குச் சேலம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். ரிப்பேரோ, புதுச் சாமானோ, பணமோ கொடுக்கும்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒன்பதாம் நாள் லாப்டாப் புதுப் போர்டுடன் வந்தது. பெண் தன் படங்களை முன்கூட்டியே பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தாள். நல்ல வேளை! வாரண்டி சாமானுக்குத்தான், அதில் நாம் சேர்த்து வைத்ததற்கு இல்லை. இரவல் கம்ப்யூட்டரில் பாதி, தன் கம்ப்யூட்டரில் பாதியாகப் படங்களைக் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டாள்.

“புதுப் போர்டுக்கு எத்தனை நாள் வாரண்டி?” என்று கேட்டு அதையும் சித்தி எழுதி வாங்கியிருக்கிறாள். காகிதம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு துலக்கி முடித்ததும், லாப்டாப்பை நிறுத்திவிட்டு அதன் காற்றுத் துவாரத்திலுள்ள பஞ்சையும் ஒரு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறாளாம். மெத்தை மேல் வைத்து வேலை செய்யக் கூடாதென்று பெண்ணுக்கும் உத்தரவு.

சித்தப்பா? போன வாரம் அவருடைய கைக்கடிகாரம் நின்றுவிட்டது. பில் எங்கே என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்!