புள்ளியை நொடியால் வகுக்கும் விளையாட்டு

பிராக்டிகல் பிஸ்டல் ஷூட்டிங் என்பது கைத்துப்பாக்கியோடு நகர்ந்துகொண்டே, பல தொலைவுகளில் நிற்கும் இலக்குகளைக் குறைந்த நேரத்தில் சுடும் போட்டி. ஒலிம்பிக்கில் நடக்கும் துப்பாக்கி சுடுதலிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வீரர் ஒரே இடத்தில் நின்று, ஒரே தொலைவில் உள்ள இலக்கை 60 முறை சுடுகிறார், அவசரம் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து இலக்குகளை 8, 6, 4 நொடி என்ற கெடுவுக்குள் சுட வேண்டும். ஆனால் 4 நொடிக் கெடுவில் 3 நொடியிலேயே சுட்டு முடித்தாலும் அதற்காகக் கூடுதல் புள்ளி எதுவும் கிடைக்காது. பிராக்டிகல் போட்டியில் அந்த ஒரு நொடிக்கும் விலை உண்டு. எவ்வளவு விலை என்பதைத்தான் அதன் மதிப்பெண் முறை கணக்கிடுகிறது.

தோற்றம்

இந்த விளையாட்டின் வேர் 1950களின் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பரும் அவருடைய நண்பர்களும், கைத்துப்பாக்கியை எப்படிப் பிடித்தால் வேகமாகவும் குறி தவறாமலும் சுட முடியும் என்பதைப் போட்டி வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை ஒற்றைக் கையால் சுடுவதே பலருக்கும் வழக்கம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் இரு கைகளாலும் பிடித்துக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டு வென்றபோது, மற்றவர்களும் அந்த முறைக்கு மாறினார்கள்.

முதல் உலகப் போட்டி 1975இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்தது. மறு ஆண்டு, 1976 மே மாதம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பான ஐபிஎஸ்சி உருவானது. கூப்பர் அதன் முதல் தலைவர். ‘டிலிஜென்ஷியா, விஸ், கெலெரிடாஸ்’ என்ற மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கமாயின. துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றில் எதையும் மற்றதற்காகக் கைவிடக் கூடாது என்பதே அதன் பொருள். துல்லியத்தை அளக்க மண்டலம் பிரித்த இலக்கு, வலிமையை அளக்கப் பவர் ஃபேக்டர், வேகத்தை அளக்க டைமர் என்று மூன்றுக்கும் இன்று மூன்று அளவைகள் இருக்கின்றன.

களமும் இலக்கும்

ஒரு போட்டி பல ‘ஸ்டேஜ்’களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு ஸ்டேஜும் தடுப்புச் சுவர், சன்னல், கதவு, பீப்பாய் ஆகியவற்றால் புதிதாக அமைக்கப்படும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 12 தோட்டாவுக்குள் முடிவது குறுகிய ஸ்டேஜ், 24 வரை நடுத்தரம், 32 வரை நெடிய ஸ்டேஜ். எந்த இலக்கை முதலில் சுடுவது, எங்கே நின்று சுடுவது, எந்த இடைவெளியில் மேகசினை மாற்றுவது என்பதெல்லாம் வீரரின் விருப்பம். அதனால் சுடுவதற்கு முன் தரப்படும் சில நிமிடங்களில் வீரர்கள் வெறுங்கையோடு களத்தை நடந்து பார்த்து மனத்துக்குள் திட்டம் போடுவார்கள்.

அட்டை இலக்கு சுமார் 45 சென்டிமீட்டர் அகலமும் 57 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நடுப்பகுதி ‘ஏ’ மண்டலம். அதைச் சுற்றி ‘சி’, ஓரத்தில் ‘டி’. பொதுவாக ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு குண்டுகள் பட வேண்டும். எத்தனை சுட்டாலும் சிறந்த இரண்டு மட்டுமே கணக்கில் சேரும். குண்டுத் துளை இரு மண்டலங்களின் எல்லைக் கோட்டைத் தொட்டால் உயர்ந்த மண்டலத்தின் மதிப்பு கிடைக்கும். இலக்குகளுக்கு நடுவிலும் முன்னாலும் ‘நோ-ஷூட்’ அட்டைகள் நிற்கும். அவற்றில் பட்டால் புள்ளி குறையும். ‘பாப்பர்’ எனப்படும் எஃகு இலக்குகள் குண்டடி பட்டுக் கீழே விழ வேண்டும். விழுந்தால் 5 புள்ளி. எஃகில் மோதிச் சிதறும் துணுக்குகள் தெறித்து வரும் என்பதால், 7 மீட்டருக்குக் குறைவான தொலைவிலிருந்து அவற்றைச் சுட அனுமதி இல்லை.

துப்பாக்கியின் வகுப்புகள்

எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே தட்டில் நிறுத்தினால் பணமும் பட்டறை வேலையும்தான் வெல்லும். அதைத் தவிர்க்க வகுப்புகள் உள்ளன. ‘புரொடக்‌ஷன்’ வகுப்பில் கடையில் கிடைக்கும் வடிவத்திலிருந்து அதிகம் மாறாத துப்பாக்கி. மேகசினில் 15 தோட்டா வரைதான். ‘ஸ்டாண்டர்ட்’ வகுப்பில் மாற்றங்கள் செய்யலாம். ஆனால் மேகசினோடு சேர்த்து அந்தத் துப்பாக்கி 225 × 150 × 45 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ‘கிளாசிக்’ வகுப்பு 1911 வடிவப் பிஸ்டல்களுக்கு, ‘ரிவால்வர்’ வகுப்பு சுழல் துப்பாக்கிகளுக்கு. ‘ஓப்பன்’ வகுப்பில்தான் கட்டுப்பாடு மிகக் குறைவு: மின்னணு ‘ரெட் டாட்’ குறிகாட்டி, குழல் முனையில் ‘காம்பன்சேட்டர்’, 170 மில்லிமீட்டர் நீள மேகசின் எல்லாம் அங்கே செல்லும்.

இடுப்பில் ஹோல்ஸ்டர், பெல்ட்டில் வரிசையாகக் கூடுதல் தோட்டாக்கள், கண்ணாடி, காதுக் கவசம் ஆகியவை எல்லா வகுப்புக்கும் பொது.

பவர் ஃபேக்டர்: உந்தத்தின் கணக்கு

வேகமாகச் சுட எளிய வழி, அடி குறைந்த தோட்டாவைப் போட்டுக்கொள்வது. துப்பாக்கி துள்ளாது; அடுத்த குறி உடனே கிடைக்கும். இந்தக் குறுக்கு வழியை அடைப்பதற்காக வந்ததே பவர் ஃபேக்டர். குண்டின் எடையைக் கிரெய்ன் அளவில் எடுத்து, நொடிக்கு எத்தனை அடி என்ற அதன் திசைவேகத்தால் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் வருவது இந்த எண். எடை, வேகம் ஆகியவற்றின் பெருக்கல் என்பதால், பள்ளி இயற்பியலில் படிக்கும் உந்தமே இது; அலகுகள் மட்டும் வேறு.

180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள .40 காலிபர் குண்டு நொடிக்கு 950 அடி வேகத்தில் சென்றால் பவர் ஃபேக்டர் 171. மெட்ரிக் அளவில் சுமார் 3.4 கிலோகிராம் மீட்டர்/நொடி. 124 கிரெய்ன் எடையுள்ள 9 மில்லிமீட்டர் குண்டு 1050 அடி வேகத்தில் சென்றால் 130.2. ஸ்டாண்டர்ட் வகுப்பில் 170ஐத் தொட்டால் ‘மேஜர்’. ஓப்பனில் 160 போதும். 125ஐத் தொட்டும் மேஜருக்கு எட்டாதவை ‘மைனர்’. புரொடக்‌ஷன் வகுப்பில் எல்லாருக்கும் மைனர் மதிப்பெண்தான்.

இயக்க ஆற்றலை விட்டுவிட்டு உந்தத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நேர்கோட்டு உந்த அழிவின்மை விதிப்படி, குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. வெளியேறும் வாயுவின் பங்கும் அதோடு சேரும். 1.2 கிலோ துப்பாக்கியை மேற்சொன்ன .40 குண்டு மட்டுமே நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளும். 9 மில்லிமீட்டர் குண்டு தள்ளுவது 2.1 மீட்டர் வேகத்தில். வீரரின் மணிக்கட்டு உணரும் சுமையை உந்தம்தான் நேராகக் காட்டுகிறது. அதே 124 கிரெய்ன் குண்டை 1300 அடி வேகத்தில் செலுத்தினால் இயக்க ஆற்றல் சுமார் 630 ஜூல்; .40 குண்டின் 490 ஜூலைவிட மிக அதிகம். உந்தமோ 161 பவர் ஃபேக்டர்தான்; .40ஐவிடக் குறைவு. ஆற்றலை அளவுகோலாக வைத்திருந்தால் லேசான, வேகமான குண்டுகளே எப்போதும் சலுகை பெற்றிருக்கும்.

போட்டி நாளில் வீரர்களிடமிருந்து அறிவிப்பின்றித் தோட்டா மாதிரிகள் எடுக்கப்படும். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போடுவார்கள். மற்றவற்றை அவரவர் துப்பாக்கியிலேயே சுட்டு குரோனோகிராஃப் கருவியால் வேகம் அளப்பார்கள். மேஜர் என்று அறிவித்தவர் அந்த அளவை எட்டாவிட்டால் மைனர் மதிப்பெண்ணுக்கு இறக்கப்படுவார். 125ஐயும் எட்டாதவர் தொடர்ந்து சுடலாம், மதிப்பெண் கிடையாது. வெப்பநிலைக்கேற்ப வெடிமருந்து எரியும் விதம் மாறிக் குண்டின் வேகமும் கூடிக் குறையும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் எல்லைக்குச் சில எண்கள் மேலே வைத்தே தோட்டா தயாரிக்கிறார்கள்.

ஓப்பன் வகுப்பினரின் காம்பன்சேட்டர் இந்த இயற்பியலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. குழல் முனையில் மேல்நோக்கித் திறந்த துளைகள் வழியே வாயு பீறிடும்போது அதன் எதிர்விசை முனையைக் கீழே அழுத்துகிறது. துப்பாக்கி துள்ளி எழுவது குறைகிறது. துளைகளுக்குப் போதிய வாயு வேண்டும் என்பதால் லேசான குண்டும் நிறைய வெடிமருந்தும் கொண்ட .38 சூப்பர், 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் இங்கே விரும்பப்படுகின்றன.

டைமரும் கட்டளைகளும்

ரேஞ்ச் ஆபீசர் ஒவ்வொரு வீரருடனும் டைமரோடு கூடவே நகர்வார். ‘ஸ்டேண்ட் பை’ என்ற கட்டளைக்குப் பின் 1 முதல் 4 நொடிக்குள், வீரர் ஊகிக்க முடியாத ஒரு கணத்தில் ஒலி எழும். டைமரில் உள்ள ஒலிவாங்கி ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் நூறில் ஒரு பங்கு நொடித் துல்லியத்தில் பதிவு செய்யும். கடைசிச் சத்தத்தின் நேரமே அந்த ஸ்டேஜின் நேரம்.

பாதுகாப்பு விதிகளில் தள்ளுபடி இல்லை. அனுமதியின்றி யாரும் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நிற்க முடியாது. குழல் முனை எப்போதும் குண்டைத் தாங்கும் மண்மேட்டின் பக்கமே இருக்க வேண்டும். சுடாமல் நகரும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் டிரிகரில் இருக்கக் கூடாது. துப்பாக்கி கை தவறி விழுந்தாலோ, தவறுதலாக வெடித்தாலோ, உலகச் சாம்பியனே ஆனாலும் முழுப் போட்டியிலிருந்தும் வெளியேற்றப்படுவார்.

ஹிட் ஃபேக்டர்

ஏ மண்டலத்தில் பட்டால் மேஜர், மைனர் இரண்டுக்கும் 5 புள்ளி. சி மண்டலத்துக்கு மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி மண்டலத்துக்கு முறையே 2, 1. வலிமையான தோட்டாவின் துள்ளலைத் தாங்குபவருக்குக் கிடைக்கும் ஈடு இந்த வேறுபாடு. நடுவிலேயே சுடுபவருக்கு அது தேவைப்படாது. இலக்குத் தவறினால் 10 கழியும். நோ-ஷூட்டில் பட்டாலும், நிற்கக் கூடாத இடத்தில் நின்று சுடுவது போன்ற நடைமுறைத் தவறுக்கும் அதே 10.

மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். 12 தோட்டா, 60 புள்ளி கொண்ட ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்ளலாம். மைனரில் சுடும் முதல் வீரர் பன்னிரண்டையும் ஏ மண்டலத்தில் பதித்து 7.5 நொடி எடுத்தால் 60 ÷ 7.5 = 8. இரண்டாமவர் 9 ஏ, 3 சி என 54 புள்ளி பெற்று 6 நொடியில் முடித்தால் 54 ÷ 6 = 9. குறையில்லாமல் சுட்டவரைச் சற்றே குறையோடு சுட்டவர் வென்றுவிடுகிறார். ஆனால் அவருடைய ஏ ஒன்று தவறிப் போயிருந்தால் 5 புள்ளி கிடைக்காததோடு 10 கழிந்து 39 ஆகும். ஹிட் ஃபேக்டர் 6.5க்குச் சரியும்.

நேரமும் துல்லியமும் இங்கே இரண்டு நாணயங்கள் என்றால், ஹிட் ஃபேக்டர் அவற்றின் மாற்று விகிதம். 8 என்ற விகிதத்தில் ஒரு நொடி 8 புள்ளிக்குச் சமம். மைனர் வீரர் ஏ-க்குப் பதில் சி பெற்றால் இழக்கும் 2 புள்ளியின் விலை கால் நொடி. இலக்கு தவறினால் இழக்கும் 15 புள்ளி ஏறக்குறைய 1.9 நொடி. தவறியதை அந்த இடத்திலேயே உணர்ந்து அரை நொடிக்குள் மறுபடி சுடுவது எனவே லாபம்; அடுத்த இடத்துக்கு ஓடிய பிறகு நினைவு வந்து திரும்பினால் பெரும்பாலும் நட்டம். தொலைவான இலக்கும் நீண்ட ஓட்டமும் உள்ள ஸ்டேஜில் ஹிட் ஃபேக்டர் 4 அளவுக்கு இறங்கும். அங்கே அதே சி-யின் விலை அரை நொடி; நிதானமாகக் குறி பார்ப்பதே அறிவு. இலக்குகள் அருகிலேயே நிற்கும் ஸ்டேஜில் அது 10 என்று உயர்ந்தால் விலை 0.2 நொடிதான், அங்கே வேகம் முந்துகிறது. தேர்ந்த வீரர்கள் களத்தை நடந்து பார்க்கும்போதே இந்த விகிதத்தை உத்தேசமாகக் கணித்துவிடுகிறார்கள்.

ஸ்டேஜின் உச்ச ஹிட் ஃபேக்டர் பெற்றவருக்கு அதன் முழுப் புள்ளிகளும் கிடைக்கும், மற்றவர்களுக்கு விகிதப்படி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 9 பெற்றவருக்கு 60 என்றால், 8 பெற்றவருக்கு 53.33. 32 தோட்டா ஸ்டேஜுக்கு 160 புள்ளி என்பதால் நெடிய ஸ்டேஜுக்கு எடை அதிகம். எல்லா ஸ்டேஜையும் கூட்டி, வகுப்பு வாரியாகத் தரவரிசை போடப்படும். 2017 உலகப் போட்டியில் இப்படி 30 ஸ்டேஜ்கள் இருந்தன. அது நடந்த பிரான்ஸின் ஷாத்தோரு துப்பாக்கி சுடும் மையத்தில்தான் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றார்.

பிற முறைகள்

எல்லாப் பிஸ்டல் போட்டிகளும் இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐடிபிஏ அமைப்பில் இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நொடி நேரத்தோடு கூட்டப்படும். குறைந்த நேரம் எடுத்தவர் வெல்வார். ‘ஸ்டீல் சேலஞ்ச்’ போட்டியில் எல்லாம் எஃகுத் தட்டுகள். பட்டதா, எவ்வளவு நேரம் என்பது மட்டுமே கேள்வி. இவை பார்வையாளருக்கு உடனே புரியும். ஹிட் ஃபேக்டர் முறையில் கடைசி வீரர் சுட்டு முடிக்கும் வரை எவருடைய ஸ்டேஜ் புள்ளியும் உறுதியில்லை; புதிதாக ஒருவர் உச்சம் தொட்டால் மற்ற அனைவரின் புள்ளியும் இறங்கும். இந்தச் சிக்கலுக்கு ஈடாகக் கிடைப்பது நியாயம்: ஐடிபிஏ முறையில் புள்ளியின் விலை எங்கும் ஒரே நொடி, ஹிட் ஃபேக்டர் முறையில் ஒவ்வொரு ஸ்டேஜின் கடினத்துக்கேற்ப அந்த விலை தானே மாறிக்கொள்கிறது. துல்லியத்தையும் வேகத்தையும் ஒரே எண்ணில் ஒப்பிடும் முறைகளில் இதுவே நுட்பமானது.