மனசுக்குப் படுகிறவர்களுக்கு மாலை நேர வேலை

கணக்குப் போட்டு, சாதக பாதகம் எழுதி முடிவெடுப்பவர்கள் உண்டு. பார்த்த மாத்திரத்தில் ‘இது சரிப்படாது’ என்று மனசுக்குப் பட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையினர் பகுதிநேர வேலை தேடினால் பெரும்பாலும் டேட்டா என்ட்ரியில்தான் போய் உட்காருகிறார்கள். சலித்துப்போய், தங்களிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை.

தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடைகள் கூடுதலாக ஆள் எடுக்கும். புடவைப் பிரிவில் கைதேர்ந்த ஒருவரைக் கவனியுங்கள். “என்ன ரேஞ்ச்ல பார்க்கறீங்க அக்கா?” என்று கேட்கும்போதே வந்தவரின் கண் எந்த அடுக்கில் நிற்கிறது, விரல் ஜரிகையைத் தடவுகிறதா துணியைக் கசக்கிப் பார்க்கிறதா, கூட வந்த மாமியாரின் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாலாவது புடவையில் பில் விழுகிறது. எப்படி அதை எடுத்தீர்கள் என்றால், “தோணுச்சு” என்பார். பல சீசன்களாகப் பார்த்த முகங்களிலிருந்து வந்த தோன்றல் அது.

அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் தீயணைப்பு வீரர்களிடம் இதையே கண்டார். சமையலறைத் தீயை அணைத்துக்கொண்டிருந்த ஒரு குழுவின் தலைவர், காரணம் சொல்லத் தெரியாமலே எல்லாரையும் வெளியேறச் சொன்னார். சற்று நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீ உண்மையில் கீழ்த்தளத்தில் இருந்தது. அந்த அளவு வெக்கைக்குச் சத்தம் மிகக் குறைவாக இருந்ததை அவர் மனம் கவனித்திருக்கிறது.

உள்ளுணர்வை எளிதில் நம்பாதவர், நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன். அவரும் கிளைனும் 2009இல் சேர்ந்தெழுதிய கட்டுரையில் உடன்பட்டார்கள்: வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்; செய்தது சரியா தவறா என்று சீக்கிரம் தெரிய வேண்டும். அப்போதுதான் உள்ளுணர்வு தேறும்.

மணப்பெண் அலங்காரம், மெஹந்தி, கல்யாண கேண்டிட் போட்டோ, சின்னக் குழந்தைகளை மாலையில் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்த இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும் வேலைகள். குழந்தைக்குப் பசியா தூக்கமா என்று நீங்கள் நினைத்தது சரியா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘எனக்கு மனசுல பட்டா நடக்கும்’ என்று பகுதிநேரமாகப் பங்குச்சந்தையில் இறங்குவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அங்கே பதில் உடனே வரும், ஒழுங்கு இருக்காது. 2021-22இல் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது.

வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: முதல் சில வாரம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா? விடுகிற இடம் என்றால், நூறு இருநூறு குறைந்தாலும் அங்கேயே சேருங்கள்.