செஞ்சட்டையும் முறிந்த எலும்பும்



2013-ஆம் ஆண்டு, மார்ச் 31. அமெரிக்க நாட்டு இண்டியானாபொலிஸ் நகரிலே கூடைப்பந்துப் போட்டி. லூயிவில் பல்கலைக் கழகமும் டியூக் பல்கலைக் கழகமும் மோதுகின்றன. எதிரணி எறிந்த பந்தைத் தடுக்க எகிறிக் குதிக்கிறார் கெவின் வேர் என்ற மாணவர். தரையிலே கால் படுகிறது, எலும்பு முறிகிறது, முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டுகிறது! தோழர்கள் தரையிலே விழுந்து கதறுகிறார்கள். தொலைக்காட்சியிலே நாடே பார்க்கிறது.

பிறகு? துடைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. லூயிவில் வென்றது. அடுத்த வாரம் கோப்பையும் அதற்கே கிட்டியது.

கோப்பை கல்லூரிக்கு. காயம் காளைக்கு!

அந்த நாட்டிலே கல்லூரி விளையாட்டைக் கட்டி ஆள்வது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஐந்தாண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது 2025 வரை அது கண்ட கணக்கு. ஒரு பருவம் காயத்தால் கெட்டால், இழந்ததைத் திருப்பிக் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், நிபந்தனைகளைக் கேளுங்கள்: காயம் பருவத்தின் முற்பாதியிலே படவேண்டும்; நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் ஆட்டம் ஆடியிருக்கக் கூடாது; அந்தப் பருவம் முழுதும் ஆட முடியாதென்று மருத்துவர் சான்று தரவேண்டும். பன்னிரண்டு ஆட்டம் என்றால் நான்கு வரை பொறுப்பார்கள். ஐந்தாவதிலே முழங்கால் போனால்? போனது போனதுதான்!

எலும்பு என்ன, நாட்காட்டி பார்த்தா முறியும்?

கெவின் வேருக்கு எலும்பு முறிந்தது பருவத்தின் கடைசியிலே. ஆகவே அந்தப் பருவம் கணக்கிலே ஏறிவிட்டது. அடுத்த பருவத்திலே சில ஆட்டமே ஆடி மீண்டும் காயம்பட்டார். அந்தப் பருவம் மட்டுமே திரும்பக் கிடைத்தது. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக் கழகம் சென்று ஆடி முடித்தார்.

இப்படி ஒரு பருவம் ஒதுங்கி நிற்பவரை அங்கே 'செஞ்சட்டை' என்கிறார்கள். பொதுவுடைமைத் தோழர் என்று எண்ணிவிடாதீர்கள்! 1937-இல் நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்திலே வாரன் ஆல்ஃப்சன் என்பவர் போட்டியில் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்தார். பயிற்சியிலே அணிந்தது சிவப்புச் சட்டை. அதனால் வந்த பெயர் என்பார்கள். சட்டை சிவப்பு; சட்டம் மட்டும் முதலாளி பக்கம்!

ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஓராண்டு தருவது தவறென்றா? இல்லை, தோழர்களே, இல்லை! தரத்தான் வேண்டும். ஆனால் அந்த அனுமதிச் சீட்டோடு உதவித்தொகையும் சேர்ந்தே வருவதில்லை. அது கல்லூரியின் விருப்பம். ஆடலாம் என்கிறார்கள், ஆடும்வரை சோறு யார் போடுவது? முறிந்த காலுக்கு மருந்து யார் தருவது? மீண்டும் ஆடவே முடியாதவனுக்கு ஓராண்டென்ன, ஒன்பதாண்டு தந்தால்தான் என்ன பயன்?

ஆலையிலே கை போனால் அதற்கு இழப்பீடு உண்டு. அதைப் போராடித்தான் பெற்றான் தொழிலாளி. ஆடுகளத்திலே உயிரே போனால்?

1955-இல் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். தரலாம் என்றது தொழில் ஆணையம். முடியாது என்றது மாநில உச்ச நீதிமன்றம், 1957-இல். காரணம்? கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லையாம்!

அந்த ஆண்டுகளிலேதான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல் பிறந்தது. தொழிலாளி என்று யாரும் அழைத்துவிடக் கூடாதே என்ற அச்சத்திலே பிறந்த சொல். சொல்வது நானல்ல, அந்தச் சங்கத்தை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸ், ஓய்வுபெற்ற பின் தம் நூலிலே எழுதி வைத்தது அது.

1974-இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக் கழகத்துக் கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்திலே கழுத்தடிபட்டு முடமானார். இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார். 2000-இல் மேல்முறையீட்டு மன்றம் சொன்ன தீர்ப்பு: நீ ஊழியன் அல்ல!

தொழில் இல்லையாம். ஆனால் 2016-இல் அந்தச் சங்கம் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை எட்டாண்டு நீட்டி விற்றது 880 கோடி டாலருக்கு! அலபாமாவின் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சேபன் 2023-இல் பெற்ற ஊதியம் ஒரு கோடி டாலருக்கும் மேல்! விற்பவனுக்கு வாணிபம், பயிற்றுபவனுக்கு உத்தியோகம், விழுபவனுக்கு மட்டும் விளையாட்டா? அடுக்குமா இந்த அநீதி?

அடுக்காது என்று எழுந்தார்கள் அந்த இளைஞர்கள். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்துக் கால்பந்து வீரர்கள் கெயின் கோல்டர் தலைமையிலே தொழிற்சங்கம் கேட்டார்கள். முதற் கோரிக்கைகளிலே ஒன்று காயத்துக்கு மருத்துவச் செலவு! ஊழியர்களே என்றார் வட்டார அதிகாரி. 2015-இல் தலைமை வாரியம் இது எம் அலுவலன்று என்று கைகழுவியது.

ஆயினும் கேட்ட குரல் வீண்போகவில்லை. 2024 ஆகஸ்டு முதல், முதல் பிரிவு வீரர்களின் ஆட்டக் காயத்துக்கு, களத்தை விட்ட பின்னும் இரண்டாண்டு மருத்துவச் செலவு ஏற்கும் ஏற்பாடு வந்தது. 2025 ஜூனிலே நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகள் வருவாயிலே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்றாயிற்று. கருணையால் வந்ததல்ல, கேட்டு வந்தது, வழக்காடி வந்தது.

இரண்டாண்டு போதுமா? இருபது வயதிலே நொறுங்கிய முழங்கால் அறுபது வயதிலும் வலிக்குமே!

விழுப்புண் பட்ட வீரனை மார்போடு அணைத்துப் போற்றியது தமிழ் மரபு. அடுத்த போருக்கு வா என்று மட்டும் அழைத்தால் அது போற்றுதலா?

ஆகவே சொல்கிறேன்: ஓராண்டு தாருங்கள், அதோடு உதவித்தொகையும் தாருங்கள். ஆடினாலும் ஆடாவிட்டாலும் படிப்பு முடியட்டும். காயம் ஆறும்வரை மருத்துவம் நடக்கட்டும். வியர்வை சிந்துபவன் எங்கிருந்தாலும், ஆலையிலாயினும் ஆடுகளத்திலாயினும், அவன் தொழிலாளியே! அவன் எலும்புக்கும் விலை உண்டு. அந்த விலையை, அதனால் பிழைத்தவன் தந்தே தீரவேண்டும்!