பச்சை உடம்பும் பச்சைக் குழந்தையும்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பிள்ளைப்பேற்றைப் பற்றி என்னடா பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். எங்க அக்காவுக்குக் குழந்தை பிறக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெர்மல் பாடத்தில் நாம் மனப்பாடம் பண்ணி எழுதுகிற கண்டக்‌ஷன், கன்வெக்‌ஷன், ரேடியேஷன் எல்லாம் ஒரு பச்சைக் குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த மழை நாள்

போன ஐப்பசியில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பார்கள். குழந்தையை அக்காவின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே துணியால் கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அது நின்றுபோச்சு. எங்க வீடு ஒரே அறை. அப்பா, நான், குழந்தை பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என்று ஆள் இருந்துகொண்டே இருக்க, அக்கா வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். 'ஏன் விட்டாய்' என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அப்பத்தா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது. எங்க அப்பாவையும் அத்தைகளையும் அப்படி வளர்த்த கைதான் அது. குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் வெளியே மழை, ஈரக்காற்று. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் பாதம் சில்லிட்டுப் போச்சு. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. அழக்கூட இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் பறந்தேன். நர்சம்மா உடனே வந்தார். குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். "ஆம்பளைங்க எல்லாம் வெளியே போங்க" என்றார். ஈரத் துணியை எடுத்துவிட்டு, தலைக்குக் குல்லா போட்டு, அக்கா நெஞ்சில் குழந்தையைப் போட்டுப் போர்த்தினார். "சூடு ஏறுதான்னு இங்கேயே இருந்து பார்க்கிறேன். குடிக்கலேன்னா உடனே 108 தான்" என்றார். திண்ணையில் நின்ற எனக்கும் அப்பாவுக்கும் பேச்சே வரவில்லை. அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து 'வீல்' என்று ஒரு சத்தம். குழந்தை அழுது இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்!

சூடு எங்கே போகிறது?

ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்குங்கள். கனஅளவு எட்டில் ஒன்றாகும். மேற்பரப்போ நாலில் ஒன்றுதான் ஆகும். அதாவது, உள்ளே இருக்கும் பொருளுக்குக் கணக்குப் பார்த்தால் மேற்பரப்பு இரண்டு மடங்கு! சின்ன டம்ளர் டீ சீக்கிரம் ஆறுவது இதனால்தான். குழந்தையும் அப்படித்தான். தோல் மெல்லிசு, கொழுப்பு குறைவு. குளிரெடுத்தால் நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு முடியாது.

சூடு போக நாலு வழி உண்டு. ஈர உடம்பிலிருந்து ஆவியாதல். வெறும் தரையிலோ, தராசுத் தட்டிலோ போட்டால் கடத்தல். காற்று வீசினால் சலனம். பக்கத்தில் குளிர்ந்த சுவர் இருந்தால் கதிர்வீச்சு. ஈரம், காற்று, குளிர்ந்த திண்ணை என்று எங்கள் வீட்டில் அன்று எல்லா வழியும் திறந்திருந்தன.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து. பிறந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் முதல் குளியல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த குழந்தையை நர்ஸ் சொல்லும்வரை துடைத்தால் போதும்.

கரண்ட் வேண்டாத இன்குபேட்டர்

நெஞ்சோடு சேர்த்து வைப்பதற்குக் கங்காரு முறை என்று பேர். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. மிகவும் எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்ததில், முதல் 28 நாள் இறப்பு சுமார் கால் பங்கு குறைந்தது. ஏழை நாட்டுக்கு வந்த மாற்று ஏற்பாடு, பெரிய மெஷினுக்கே பாடம் சொல்லிவிட்டது!

இதை அம்மாதான் செய்யணும் என்றில்லை, அப்பாவும் செய்யலாம். எங்க அத்தான் லோடுமேன். "நான் எப்படி?" என்று கூச்சப்பட்டார். நர்சம்மா விடவில்லை. அன்று ராத்திரி அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, மூட்டை தூக்குகிற நெஞ்சில் மகனைச் சுமந்தார். அக்கா பிள்ளை பெற்ற பிறகு முதல்முறையாக மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

தாயையும் பாருங்கள்

பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் சோற்றையும் குறைத்துவிடுகிறோம். பால் சுரக்க இரண்டும் வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. சீனித்தண்ணி, கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தாய்க்கு அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வலிப்பு வந்தாலும், குழந்தை பால் குடிக்காவிட்டாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவமானவள் காரணமில்லாமல் அழுதால் திட்டாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் அந்தச் சோர்வு தீரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நண்பர்களே! நாளைக்கு நாமும் தாய்மாமன் ஆவோம், அப்பா ஆவோம். சீர் செய்வது மட்டும் ஆண்பிள்ளை கடமை இல்லை. அன்று சாயங்காலம் எங்க அப்பா ஒரு கயிறு கட்டி, அம்மாவின் பழைய சேலையை அறையின் நடுவே மறைப்பாகத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்கு வெட்கப்பட வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த மறைப்பை முதல் நாளே கட்டியிருக்க வேண்டியது நாங்கள்தான்.

இப்போது மாப்பிள்ளை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டார்!